பம்பிங் நன்றாக இருக்கிறது, படுக்கத்தான் முடியவில்லை

பைபாஸ் முடிந்து நெஞ்செலும்பும் ஆறிய பிறகு, ஒருவர் தோட்டத்துக் கிணற்றில் இறங்கி மார்பளவு தண்ணீரில் நின்றதும் மூச்சு முட்டி மேலே ஏறிவிட்டார் என்றால், கோவில்பட்டிப் பக்கம் அதற்கு மூன்று காரணங்கள் தயாராக இருக்கும்: வாயு, பயம், தீப்பெட்டி ஆபீஸில் இத்தனை வருடம் சுவாசித்த மருந்து நெடி. இதை எழுதுகிறவருக்கு மூன்றையும் சொன்னார்கள். நாலாவதுதான் நிஜக் காரணம். அதைச் சொல்ல ஆளில்லை.

ஆஞ்சியோ, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரத்தம் கொடுக்க ஆள் திரட்டுவது எல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. ஆபரேஷனும் நன்றாகத்தான் நடந்தது. உட்கார்ந்தால் மூச்சு சீராக இருக்கும். மல்லாந்தால் நெஞ்சின் மேல் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி. மாதக்கணக்கில் சுவரில் சாய்ந்தே தூக்கம். போகும்போதெல்லாம் எக்கோ எடுத்தார்கள், "பம்பிங் நல்லா இருக்கு" என்று அனுப்பினார்கள். பம்பிங் நன்றாக இருப்பவருக்குப் படுத்தால் ஏன் மூச்சு முட்ட வேண்டும்? இந்த அடுத்த கேள்வியைக் கேட்க வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவருக்கும் தோன்றவில்லை. காலமும் காசும் கரைந்தது அங்கேதான்.

மூச்சை இழுப்பதில் பெரும்பங்கு உதரவிதானம் என்ற தசைக்கு. அதை இயக்கும் ஃப்ரெனிக் நரம்பு கழுத்தில் 3, 4, 5ஆம் நரம்பு வேர்களில் கிளம்பி, இதயத்தின் உறையை ஒட்டியே கீழே இறங்குகிறது. பைபாஸுக்காக நெஞ்செலும்பின் பின்புறமுள்ள இடது மார்புத் தமனியைப் பிரித்தெடுக்கும்போது அந்த நரம்பு இழுபடலாம், சூடு படலாம். இதயத்தைக் குளிர்விக்க உறைக்குள் பனிக்கூழ் கொட்டும் முறையில் நரம்பு விறைத்தும் போகலாம். பெரும்பாலும் அடிபடுவது இடப்பக்கம். அந்தப் பக்கத் தசை வேலைநிறுத்தம் செய்யும். படுத்தாலும் தண்ணீரில் நின்றாலும் வயிறு அதை மேலே தள்ளும்.

அத்தாட்சி ரிப்போர்ட் பைக்குள்ளேயே கிடந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயில் சாதாரணமாக வலப்பக்க உதரவிதானம்தான் சற்று உயர்ந்திருக்கும். இதை எழுதுகிறவர் படத்தில் இடப்பக்கம் ஏறிக்கொண்டு, அதன் கீழே இரைப்பைக் காற்று வட்டமாகத் தெரிந்தது. 'வாயு' என்று சொன்னவர்கள் அந்த மட்டில் தப்பு சொல்லவில்லை!

நரம்பாக இருக்குமோ என்ற பேச்சு எழுந்ததும் மைத்துனர் புகுந்தார். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். "நரம்புதான? கரண்ட் வச்சா சரியாப் போயிரும் மச்சான்" என்று ஓரிடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே நரம்புக்கு உயிர் இருக்கிறதா, நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழுத்தின் முன்பக்கம் பட்டையை ஒட்டக் கிளம்பிவிட்டார்கள். அந்த இடத்தில் மின்சாரம் வைக்கக்கூடாதென்பது பிசியோதெரபியின் பாலபாடம். அங்குள்ள கழுத்துத் தமனியைத் தூண்டினால் ரத்த அழுத்தம் சட்டென்று சரியும். இவர் எழுந்து வந்துவிட்டார். மைத்துனருக்கு இன்னும் வருத்தம், இருக்கட்டும்.

மின்சாரத்தால் மூச்சை நடத்துவது பொய்யில்லை. ஹார்வர்டில் சார்னாஃப் 1948லேயே செய்து காட்டினார்; 1960களில் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளென் உடலுக்குள் வைக்கும் கருவியைக் கொண்டுவந்தார். சூப்பர்மேன் நடிகர் கிறிஸ்டோபர் ரீவுக்கு 2003இல் உதரவிதானத்திலேயே மின்முனை பொருத்தினார்கள். 2008இல் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காக அந்தக் கருவியை அமெரிக்க அரசு அனுமதித்தது. ஆனால் ரீவுக்குக் கெட்டது கழுத்துத் தண்டு. ஃப்ரெனிக் நரம்பு நன்றாக இருந்தது. பம்புசெட் பாஷையில், அவருக்கு ஸ்டார்ட்டர் போயிற்று, கேபிள் பிழைத்திருந்தது. இவருக்குக் கெட்டது கேபிள். ஓரளவு உயிருள்ள நரம்புக்குத் தூண்டல் உதவலாம். அறுந்துபோன நரம்பில் கரண்ட் ஏறாது. உயிர் இருக்கிறதா என்பதை நரம்புச் சோதனை செய்து பார்த்துவிட்டுத்தான் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டும்.

கடைசியில் விஷயம் பிடிபட்டது சாதாரண அல்ட்ராசவுண்டில், வயிற்றுக்கு எடுக்கும் அதே இயந்திரத்தில். மூக்கால் வெடுக்கென்று உறிஞ்சச் சொன்னார்கள். வலப்பக்கம் கீழே இறங்கியது. இடப்பக்கம் எதிர்த்திசையில் மேலே ஏறியது. ஆகவே பைபாஸுக்குப் பிறகு படுத்தால் மூச்சு முட்டி, எக்கோவும் சரியாக இருந்தால், உதரவிதானத்தைப் பார்க்கச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள். மரியாதைக்குப் பயந்து திரும்பி வராதீர்கள்.

மற்றபடி, மூச்சுப் பயிற்சிக்குத் தரும் மூன்று பந்துக் கருவியை ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். வார்டில் பாதிப்பேர் ஊதிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரையைக் கட்டில் வையுங்கள், அது நரம்பு தேறுவதை மந்தமாக்கும். அறுபட்ட நரம்பு வளர்ந்து சேர்வதென்றால் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். ஒரு சாண் வளர ஏழு மாதத்துக்கு மேல். குளிரில் விறைத்தது பெரும்பாலும் தானே திரும்பும், அதற்கும் மாதங்கள் ஆகும். தேறாவிட்டால், தளர்ந்த உதரவிதானத்தை மடித்துத் தைக்கும் ஆபரேஷன் உண்டு. அது நரம்பை மீட்காது, நுரையீரலுக்கு இடம் கொடுக்கும். அதைச் செய்துகொள்ளாமல் காத்திருக்கிறாரே, கஞ்சத்தனம் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். போன ஸ்கேனில் இடப்பக்கம் லேசாகக் கீழே இறங்கியதைப் பார்த்த மருத்துவரே பொறுக்கச் சொன்னார். புரட்டாசி விதைப்பு முடிந்ததும் அடுத்த ஸ்கேன்.