புது ரெக்கார்டா, ஏற்கனவே இருக்கிறதா?

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷன் பக்கம் செய்தது நானும் என் ரூம்மேட்டும்தான். முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு டோக்கனுக்கு லிஸ்ட் எடுத்தபோதுதான் தெரிந்தது, 34 பேர் இரண்டு இரண்டு தடவை இருக்காங்க. "செக் பண்ணித்தானேடா இன்சர்ட் பண்ணோம்?" என்றான். பண்ணியிருந்தோம். சிக்கலே அங்கேதான்.

எங்க கோடு இப்படி: முதலில் அந்த ஈமெயிலுக்கு ஒரு செலக்ட். வரிசை வந்தால் "ஏற்கனவே பதிவு செய்துட்டீங்க" என்று சொல்வோம். வராவிட்டால் இன்சர்ட். லேப்டாப்பில் நூறு தடவை ஓட்டிப் பார்த்தாலும் சரியாகவே வரும். ஆனால் ஹாஸ்டல் வைஃபையில் பக்கம் நகராமல் நிற்கும்போது எல்லாரும் என்ன செய்வோம்? சப்மிட்டை இன்னொரு தடவை அமுக்குவோம். இரண்டு ரிக்வெஸ்ட் ஒட்டி ஒட்டி வரும். முதலாவது செலக்ட் செய்து "இல்லை" என்று பார்க்கும். அது இன்சர்ட் செய்வதற்குள் இரண்டாவதும் பார்த்துவிடும், அதற்கும் "இல்லை"தான். இரண்டுமே இன்சர்ட்.

பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரிதான் இது. ஆளுக்கொரு ஜன்னல் வழியாகப் பார்த்து "காலி" என்று முடிவு செய்த இரண்டு பேரும் ஏறி வருவாங்க. பார்த்ததால் சீட் யாருக்கும் சொந்தமாகாது, துண்டு போட்டவனுக்குத்தான் சீட். டேட்டாபேஸில் அந்தத் துண்டுக்குப் பெயர் யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட். டிரான்ஸாக்‌ஷனுக்குள் போட்டால் சரியாகிடும் என்று சிலர் சொல்வாங்க. டீஃபால்ட் ஐசொலேஷனில் சாதாரண செலக்ட் அடுத்தவனைத் தடுக்காது.

அதனால் ஈமெயில் ஃபீல்டுக்கு யுனிக் போட்டுவிட்டு, கேட்காமல் நேராக இன்சர்ட் செய்யுங்க. புதுசா பழசா என்பதை டேட்டாபேஸே சொல்லும். போஸ்ட்கிரெஸில் 9.5 வெர்ஷனிலிருந்து 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' இருக்கு. கூடவே 'ரிட்டர்னிங் ஐடி' சேர்த்தால், புதுசு என்றால் ஒரு வரிசை திரும்பி வரும். ஏற்கனவே இருந்தால் ஒன்றுமே வராது. மைஎஸ்க்யூஎல்லில் 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' போட்டால் பாதிக்கப்பட்ட வரிசைகளின் எண்ணிக்கையைப் பாருங்க: 1 என்றால் புதுசு, 2 என்றால் பழசு மாற்றப்பட்டது, 0 என்றால் பழசு அப்படியே இருக்கு. ஜாவா ஆட்கள் கவனம்! அந்த கனெக்டரின் டீஃபால்ட் செட்டிங்கில் 0 வர வேண்டிய இடத்திலும் 1 வரும். ஜாங்கோவின் 'கெட் ஆர் கிரியேட்' ஆப்ஜெக்டோடு புதுசா இல்லையா என்ற ட்ரூ, ஃபால்ஸையும் தரும். ஆனால் கீழே யுனிக் இல்லாவிட்டால் அதுவும் இரட்டை வரிசை போடத்தான் செய்யும்.

இன்னொன்று, 'அதே ஆள்' என்றால் என்ன? போன் கீபோர்டு முதல் எழுத்தை கேபிடல் ஆக்கும், கடைசியில் ஸ்பேஸ் ஒட்டும். சேமிக்கும் முன்பே டிரிம் செய்து ஸ்மால் லெட்டராக்குங்க. ஈமெயிலை நல் ஆக விட்டால், யுனிக் இருந்தும் எத்தனை நல் வேண்டுமானாலும் உள்ளே வரும்.

சரி, அன்றைக்கு ராத்திரி என்ன செய்தோம்? யுனிக் போடப் போனால் டேபிள் ஒத்துக்கவில்லை, ஏற்கனவே டூப்ளிகேட் இருக்கே. 'குரூப் பை ஈமெயில்' போட்டு, சின்ன ஐடியை வைத்துக்கொண்டு மற்றதை டெலீட் செய்தோம். காலையில் வேறு ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணை வாசலில் நிறுத்திட்டாங்க. எங்க லிஸ்டில் அவங்க பணம் கட்டவில்லை. அவங்க போனில் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் இருக்கு. பேமென்ட் டேபிள் பார்த்தது நாங்க அழித்த இரண்டாவது ஐடியை. ஃபாரின் கீ போட்டிருந்தால் அந்த டெலீட்டே ஓடியிருக்காது. அவங்களோடு சேர்த்து மொத்தம் 5 பேர். பேக்கப்பிலிருந்து அந்த ஐடிகளைத் தேடி, பேமென்டை முதல் வரிசைக்கு மாற்றி முடிக்கும்போது பேப்பர் பிரசன்டேஷனில் பாதி முடிந்திருந்தது.