தசமக் குறியும் எண்விசையும்

முழுவெண்ணையும் தசமப் பின்னத்தையும் பிரிக்க யாம் புள்ளியிடுகின்றோம். ஜெர்மன் நாட்டார் காற்புள்ளியிடுவர். வெளிப்படுத்தின விசேஷத்திற்கு விளக்கம் வரைந்த நேப்பியரென்னும் ஸ்காத்லாந்துப் பெரியார், 1617இல் வெளிவந்த தம் நூலில் இரண்டனுள் எதனையும் இடலாமென்றார். 1948இல் கூடிய எடையளவுப் பொது மாநாடும் இரண்டையும் ஏற்றது. ஆயின் கணிப்பொறி அத்துணைப் பொறையுடையதன்று.

ஜெர்மன் முறைப்படி அமைந்த எக்செல் ஏட்டில், எழுத்துவிசைகளிலுள்ள புள்ளியால் 3.5 என்று பதிப்போமாயின் அது மூன்றரையாகாது. மே மாதம் 3ஆம் நாளாகிவிடும்! 1.250 என்பதோ ஆயிரத்திருநூற்றைம்பதாகும். ஒன்றேகால் கருதியவர்க்கு இஃது ஆயிரமடங்கு பிழை. மருந்தளவாயின் உயிர்க்கே கேடு.

ஜெர்மன் விசைப்பலகையின் வலப்புற எண்விசைகளுள் பூச்சியத்தை அடுத்துள்ளது காற்புள்ளியையே இடும். அதனைப் புள்ளியாக்க விரும்புவோர் விண்டோஸின் வட்டார அமைப்பை மட்டும் மாற்றுதல் போதாது. அதனால் எண்கள் தோன்றும் முறை மாறுமேயன்றி, விசை இடும் குறி பொதுவாக மாறாது. விசைப்பலகை அமைப்பையே மாற்றல் வேண்டும். லினக்ஸிலோ இவ்வொரு விசைக்கெனவே தனித் தெரிவு உண்டு. இதுவே எமக்கு உகந்த வழி. லிப்ரே ஆபீஸில், தசமவிசை வட்டார முறையைப் பின்பற்றுக என்னும் குறியை மொழியமைப்பில் நீக்கின், விசைப்பலகைக்குரிய குறியே பதியும்.