நகக்கண் சொல்லும் சேதி

டாக்டரிடம் போனால் நாக்கை நீட்டச் சொல்கிறார், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறார், பிறகு நம் கையை வாங்கி விரல் நுனிகளை ஒரு நொடி பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார். அந்த ஒரு நொடியில் அவர் என்ன பார்த்தார் என்று நம்மில் பலர் கேட்பதில்லை. ரேகை ஜோசியரிடம் உள்ளங்கையை நீட்டும்போது காட்டுகிற ஆர்வத்தில் பாதியைக் கையைத் திருப்பிப் பிடித்து நகத்தின்மேல் காட்டினால் லாபம் உண்டு. அதற்காக, எல்லா நோயையும் நகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று கிளம்புகிறவர்களை நம்ப வேண்டாம். நகம் சொல்லும் சேதிகள் சிலவே. ஆனால் அந்தச் சிலவற்றில் அலட்சியம் செய்யக் கூடாதவை உண்டு.

கண்ணுக்குத் தெரிகிற நகம் உயிரற்ற பொருள். தலைமுடியில் இருக்கும் கெரட்டின் என்ற புரதமே இதிலும் இருக்கிறது. உயிருள்ள வேர் தோலுக்கு அடியில் மறைந்திருக்கிறது. அதன் விளிம்பைத்தான் வெள்ளைப் பிறையாகப் பார்க்கிறோம். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். வேரில் பிறந்தது நுனிக்கு வந்து சேர ஆறு மாதம் ஆகும். கால் கட்டைவிரலுக்கு ஒன்றரை வருடம்கூட ஆகலாம். வில்லியம் பீன் என்ற அமெரிக்க டாக்டர் தன் நகம் வளர்வதை 35 ஆண்டுகள் விடாமல் அளந்து 1980-ல் எழுதினார். 32 வயதில் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. இப்படியும் ஒரு பொறுமைசாலி!

ஆகவே ஒவ்வொரு நகமும் கடந்த ஆறு மாதத்தின் டயரி. டைபாய்டோ டெங்குவோ கடுமையாக வந்தால் வேர் சில நாள் வேலையை நிறுத்திவிடும். பிறகு எல்லா நகங்களிலும் குறுக்கே ஒரு பள்ளக் கோடு தோன்றும். 1846-ல் இதை விவரித்தவர் பிரெஞ்சு டாக்டர் போ (பெயரே அப்படித்தான்). கோடு அடியிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், காய்ச்சல் வந்து சுமார் இரண்டு மாதம் ஆயிற்று என்று பொருள். மருந்து எதுவும் வேண்டாம். நகத்தோடு நகர்ந்து தானே போய்விடும்.

கொக்குக் கூட்டம் பறக்கும்போது நகங்களை உரசிக்கொண்டு பூப் போடச் சொல்லிக் கத்தியது ஊரில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். நகத்தில் வெள்ளைப் பூ விழுந்தால் புதுத்துணி கிடைக்கும் என்பார்கள். நகரத்துக்கு வந்த பிறகு அந்தப் பூ கால்சியம் குறைவு ஆகிவிட்டது! இரண்டும் சரியில்லை. சில வாரங்களுக்கு முன் வேரில் பட்ட சின்ன அடிதான் பெரும்பாலும் வெள்ளைப் புள்ளியாக வெளிவருகிறது. விளையாடுகிற பிள்ளைகளுக்கு அதிகம் வருவதும் அதனால்தான். இதற்காகக் கால்சியம் மாத்திரை வாங்க வேண்டியதில்லை.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது வேறு. நகம் வெளுத்து, மெலிந்து, ஓரம் உயர்ந்து நடுவில் கரண்டி போலக் குழிந்திருக்கிறதா? ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கிறதா? நாள்பட்ட இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் அது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நகம் குழிகிற வரை காத்திருக்கவும் கூடாது; பலருக்கு அது குழிவதே இல்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை வேலைக் களைப்பு என்று தள்ளிவிடாமல் ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாதவிலக்கில் அதிகம் போவது முதல் கொக்கிப்புழு வரை காரணங்கள் உண்டு. ஐம்பது தாண்டிய ஆணுக்கு இரும்பு குறைந்தால் டானிக் மட்டும் போதாது. குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சாப்பாட்டில் கீரை, பயறு, கம்பு சேரட்டும். கம்பு வடக்கே பாஜ்ரா என்ற பெயரில் எளிதாகக் கிடைக்கும். கூட எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபியும் டீயும் அதைத் தடுக்கும். ஃபில்டர் காபி பிரியர்கள் கோபிக்க வேண்டாம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

இன்னொரு சேதி இதைவிடப் பெரியது. விரல் நுனி பருத்து, நகம் கிளி மூக்கு போல வளைவது. வலி இல்லாததாலும் மெதுவாக வருவதாலும் கூடவே இருப்பவர்கள் கண்ணில் படுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிற நமக்குத்தான் வித்தியாசம் தெரியும். அப்பாவின் இரு கை ஆள்காட்டி விரல்களையும் மடக்கி, நகத்தோடு நகம் ஒட்டி நிற்கும்படி வைக்கச் சொல்லுங்கள். நகங்களின் அடியில் சின்ன வைர வடிவில் வெளிச்சம் தெரிய வேண்டும். அந்த இடைவெளி மூடியிருந்தால் நுரையீரலையும் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். புற்றுநோய், நுரையீரல் தழும்பு, நாள்பட்ட சளி நோய் எதுவும் காரணமாகலாம். சிலருக்குப் பரம்பரையாக அப்படியே இருக்கும், அதில் கெடுதல் இல்லை. புதிதாக வந்ததா என்பதே கேள்வி. இந்தச் சோதனையை 1976-ல் எழுதியவர் தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ராத். தமக்கே இதய வால்வில் கிருமி தொற்றியபோது தம் விரல்களில் கண்டதைத்தான் எழுதினார்.

ஒரே விரலில் மட்டும் நெடுக்காகக் கருங்கோடு புதிதாகத் தோன்றி, அகலமாகி, சுற்றியுள்ள தோலிலும் கறுப்புப் பரவினால் தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நம் நிறத்தவருக்குப் பல விரல்களில் இளம் பழுப்புக் கோடுகள் இருப்பது சகஜம், அதற்குப் பயம் வேண்டாம். ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் கால் விரல் நகத்தடியில் இருந்தது பந்தாட்டக் காயம் அல்ல, புற்றுநோய் என்று 1977-ல் தெரிந்தது. 1981-ல் 36 வயதில் காலமானார்.

கல்கத்தா அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. மேற்கு வங்கக் கிராமங்களில் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் ஆர்சனிக்கால் தோல் நோய் வருவதை 1983-ல் அங்குள்ள டாக்டர் கே.சி. சாஹா கண்டறிந்தார். ஆர்சனிக் நகத்தில் படிந்து தங்கும். வெட்டி எறியும் நகத்துண்டைச் சோதித்தே, உடம்பில் எவ்வளவு சேர்ந்தது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

மஞ்சள் தூள் கறையைக் கண்டு காமாலை என்று பதற வேண்டாம்; காமாலையைக் கண்ணில் பாருங்கள். எந்நேரமும் ஈரத்தில் இருக்கும் கைக்கு நகச்சுற்று வரும். எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிக்கொள்வது பாட்டி வைத்தியம். குளுமைக்குச் சரி, சீழ் கட்டிவிட்டால் டாக்டர்தான் கீறி எடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் நகப்பூச்சை அழித்துவிடுங்கள். 2021-ல் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த ஆக்சிமீட்டர்கூட அடர்ந்த நிறப் பூச்சின்மேல் தப்பாகக் காட்டலாம். மருதாணியை அழிக்க முடியாது. ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தால், அது முடிகிற வரை விரல் நுனிகளை விட்டு உள்ளங்கையில் மட்டும் இட்டுக்கொள்ளலாம்.