மூட்டைக் கணக்கும் மனக்கணக்கும்

கேள்வி: தரம் 5இல் படிக்கும் என் மகன் பெருக்கல், கழித்தல் எல்லாம் வடிவாகச் செய்வான். இரண்டு மூன்று படி வரும் வசனக் கணக்கு என்றால்தான் தடுமாற்றம். ‘18 மூட்டை சின்ன வெங்காயம், மூட்டைக்கு 45 கிலோ, கிலோ 220 ரூபா. லொறிக்கூலி 9,500 ரூபா போக மிஞ்சுவது எவ்வளவு?’ என்றதற்கு 8,320 ரூபா என்று எழுதியிருக்கிறான். திருப்பிச் செய்யச் சொன்னாலும் அதே விடைதான் வருகிறது. என்ன செய்யலாம்?
— ஒரு தாய், அச்சுவேலி

பதில்: அம்மா, 18 மூட்டையின் மொத்த எடையான 810ஐ 220ஆல் பெருக்கவேண்டிய இடத்தில் மகன் 22ஆல் பெருக்கியிருக்கிறான். வந்த வழியாலேயே திரும்பிப் போனால் அந்தப் பூச்சியம் மறுபடியும் விடுபடத்தான் செய்யும். வேறு வழியால் பார்க்கவேண்டும்.

அச்சுவேலிப் பிள்ளைக்கு வெங்காய மூட்டை புதிதல்ல. ஒரு மூட்டை என்ன விலை போகும் என்று கேளுங்கள். கிட்டத்தட்ட 10,000 ரூபா. லொறிக்கூலியும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, ஒரு மூட்டைக் காசு லொறிக்குப் போக 17 மூட்டைக் காசு மிஞ்சவேண்டும். அதாவது 170,000 ரூபா அளவில். சரியான விடை 168,700. மகனின் விடையோ ஒரு மூட்டையின் விலைக்கும் குறைவு! இதை அவன் தானே கண்டுபிடிக்க விடுங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

சின்னப் பிழை இந்த மதிப்பீட்டில் அகப்படாது. அதற்கு விடையிலிருந்து பின்னோக்கிப் போகவேண்டும்: 168,700உடன் 9,500ஐக் கூட்டி, 810ஆல் வகுத்தால் 220 வருகிறதா?

விடை பொருந்துகிறதா என்று யோசிக்காமல் விடுவது உங்கள் பிள்ளைக்கு மட்டும் உள்ள குறையல்ல. 1980களில் அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டுப் பரீட்சையில், 1,128 படையினரை ஏற்றிச்செல்ல 36 பேர் கொள்ளும் பஸ் எத்தனை வேண்டும் என்று 13 வயது மாணவரிடம் கேட்டார்கள். ஏறத்தாழ 70 வீதமானோர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். 32 பஸ் என்று எழுதியவர்கள் 23 வீதம்தான். அதைவிடக் கூடுதலானோர், 29 வீதம் பேர், ‘31, மீதி 12’ என்று எழுதினார்கள். மீதி 12 பேர் எப்படிப் போவார்கள்? அதை அவர்கள் யோசிக்கவேயில்லை.

கணக்கைத் தொடங்க முன்னரே கொப்பி ஓரத்தில் உத்தேச விடையைப் பென்சிலால் எழுதப் பழக்குங்கள். விடை வந்தபின் கேட்டால் அதற்கேற்ப மதிப்பீட்டை வளைத்துவிடுவான். இரண்டும் பத்து, இருபது மடங்கு விலகினால் முதலில் பூச்சியத்தைத் தேடட்டும். பாதி, இருமடங்கு என்று விலகினால் ஒரு படி விடுபட்டதா என வினாவை மறுபடி வாசிக்கட்டும்.