கனடா வீதியில் நமது சாரதிகள்

பயணம் சரிவந்த வீட்டில் பெட்டிக்குள் எதை வைப்பது என்பதே பெரிய பேச்சாக இருக்கும். மிளகாய்த்தூள், ஒடியல், சீலை, மருந்து என்று நிறை கூடிக்கொண்டே போகும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற்குக் குடியேறப் போகிறவர் இங்கு வாகனம் ஓட்டியவராயின், அந்தப் பெட்டிக்குள் ஒரு கடிதத்தையும் வைக்கும்படி நாம் சொல்லுகிறோம். அதற்கு நிறை இல்லை. ஆனால் ஒரு வருட உழைப்பு அதில் தங்கியிருக்கலாம்.

நமக்குத் தெரிந்த ஒருவர் இங்கு பதினொரு வருடம் லொறி ஓட்டியவர். இறங்கிய கிழமையே ரொறன்ரோவில் லொறி வேலை கிடைக்கும் என்று நம்பிப் போனார். கையில் இருந்தது இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டுமே. குடியேறியவர் தமது நாட்டு அனுமதிப்பத்திரத்துடன் அங்கு 60 நாட்கள் ஓட்டலாம். அதன்பின் ஒன்ராறியோவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சில நாடுகளின் அனுமதிப்பத்திரங்களைப் பரீட்சையின்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். இலங்கை அவற்றுள் ஒன்றல்ல. சர்வதேச அனுமதிப்பத்திரம் என்று நாம் கொழும்பில் எடுப்பது வெறும் மொழிபெயர்ப்புப் போன்றது. அதைக் காட்டி அங்கே அனுமதிப்பத்திரம் வாங்க முடியாது.

ஒன்ராறியோவில் 1994 முதல் படிமுறை இருக்கிறது. எழுத்துப் பரீட்சையும் கண் பரிசோதனையும் முடிந்தால் ஜீ1. வீதிப் பரீட்சை ஒன்று முடிந்தால் ஜீ2. இரண்டாவது வீதிப் பரீட்சை முடிந்தால் முழு ஜீ. புதிதாகப் பழகுபவர் ஒவ்வொரு படியிலும் வழமையாக ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் ஓட்டியவருக்குச் சலுகை உண்டு. ஆனால், தாமே எழுதிக் கையொப்பமிட்டுக் கோரக்கூடியது ஒரு வருட அனுபவம் மட்டுமே. அதற்கு மேல் கோருவதாயின், அனுமதிப்பத்திரம் வழங்கிய அதிகாரிகளிடமிருந்தோ தூதரகத்திடமிருந்தோ உறுதிக் கடிதம் காட்ட வேண்டும். இரண்டு வருடத்திற்கு மேற்பட்ட அனுபவம் உறுதியானால், எழுத்துப் பரீட்சை முடிந்ததும் நேரே முழு ஜீ பரீட்சைக்குப் போகலாம்.

நம்மவரிடம் அந்தக் கடிதம் இல்லை. பதினொரு வருடம் ஒரு வருடமாகச் சுருங்கிற்று. ஜீ2 எடுத்துவிட்டு இன்னும் ஒரு வருடம் இருந்தார். லொறிக்குரிய தனி வகுப்புக்கு விண்ணப்பிக்க முழு ஜீ கையில் இருக்க வேண்டும் என்பதால், அந்த வருடம் களஞ்சியத்தில் பெட்டி தூக்கினார். பயணக் கடனுக்கு வட்டி இங்கே ஏறிக்கொண்டிருந்தது.

ஆகவே புறப்படுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்து, முதன்முதல் அனுமதிப்பத்திரம் பெற்ற திகதியும் வாகன வகுப்புகளும் தெளிவாகத் தெரியும் கடிதத்தை ஆங்கிலத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பெயரின் எழுத்துக்கள் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பழைய அனுமதிப்பத்திரத்தையும் எறியவேண்டாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். வாகனத்தில் ஏறாமலே அனுமதிப்பத்திரம் எடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இந்தச் சலுகையைத் தேடவேண்டாம். ஜீ1 உடன் பழகுவதே அவர்களுக்கும் வீதியில் வருகிற மற்றவர்களுக்கும் நல்லது. ஜீ1 காரர் பக்கத்தில் நான்கு வருட அனுபவமுள்ள சாரதி இருக்க வேண்டும். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஓட்டக்கூடாது. பெரும் அதிவேக நெடுஞ்சாலைகளில் ஏறக்கூடாது. மது ஒரு துளியும் ஆகாது.

எழுத்துப் பரீட்சையில் 40 கேள்விகள். அடையாளங்களில் 20, விதிகளில் 20. ஒவ்வொன்றிலும் 16 சரியாக வேண்டும். தமிழிலும் எழுதலாம். வீதிப் பலகைகள் தமிழில் இரா என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இனி வீதிக்கு வருவோம். அங்கே வலப்பக்கமாக ஓட்டுவார்கள். சாரதி ஆசனம் இடப்பக்கம். முதல் நாள் திரும்புவதற்குச் சமிக்ஞை போடப்போய் மழைத் துடைப்பானைப் போடாதவர் குறைவு. அது சிரிப்போடு போய்விடும். ஆபத்து இடப்பக்கம் திரும்பும்போதுதான். நேரே போகும்போது மற்ற வாகனங்கள் வழிகாட்டும். அதிகாலையில் வெறும் வீதியில் திரும்புகையில் பழைய கை நம்மைப் பிழையான பக்கத்திற்குக் கொண்டுபோய்விடும். ஓட்டுபவர் எப்போதும் வீதியின் நடுக்கோட்டுப் பக்கமாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டால் போதும். கால்நடையாகப் போகும் அம்மாமாருக்கும் இது உண்டு: கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள்.

சிவப்பு விளக்கில் முற்றாக நிறுத்தி, வழிவிட்டு, தடைப்பலகை இல்லாவிடின் வலப்பக்கம் திரும்பலாம். நாற்சந்தியில் நான்கு பக்கமும் நிறுத்தற் பலகை இருந்தால் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார்; ஒன்றாக வந்தால் வலப்பக்கத்தவருக்கு வழி. கோர்ன் அடித்து இடம்பிடிக்கும் நமது பழக்கம் அங்கே சண்டையாகவே கொள்ளப்படும்.

மஞ்சள் நிறப் பாடசாலை பஸ் சிவப்பு விளக்குகளை மின்னவிட்டு நின்றால், பின்னால் வருபவர் மட்டுமல்ல, எதிரே வருபவரும் நிற்க வேண்டும். நடுவே பிரிதடுப்பு உள்ள வீதியில் மட்டும் எதிரே வருபவருக்கு விலக்கு. முதற் குற்றத்திற்கே 400 முதல் 2,000 டொலர் வரை தண்டமும் ஆறு குறைப் புள்ளிகளும் உண்டு. இங்கே பஸ் நின்றதும் விலத்திக்கொண்டு ஓடிப் பழகியவருக்கு இது கடினமாகவே இருக்கும்.

கோடை முடிந்து முதல் மழை பெய்ததும் தார் வீதி வழுக்குவதை நமது லொறிக்காரர் அறிவார்கள். அங்கே மாதக்கணக்கில் அதைவிட மோசம். குவிந்திருக்கும் பனியைக் கண் காணும். தார் நிறத்திலேயே படிந்திருக்கும் மெல்லிய பனிக்கட்டி தெரியாது. பாலங்கள்தான் முதலில் உறையும். முன் வாகனத்திலிருந்து நன்றாக விலகி ஓடவேண்டும். சறுக்கினால் விசைப் பெடலிலிருந்து காலை எடுத்து, போகவேண்டிய பக்கத்தைப் பார்த்துச் சுக்கானைப் பிடிக்கவேண்டும். குளிர்கால ரயர் ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் அதில் மிச்சம் பிடிப்பதை நாம் ஆதரிக்கமாட்டோம். அயல் மாகாணமாகிய கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம்.

கடைசியாகக் காப்புறுதி. பிறருக்கு ஏற்படும் சேதத்திற்கு ஆகக்குறைந்தது 200,000 டொலர் காப்புறுதி சட்டப்படி வேண்டும். இல்லாமல் ஓட்டினால் முதன்முறையே 5,000 முதல் 25,000 டொலர் வரை தண்டம். ரொறன்ரோப் பக்கத்தில் புதியவருக்குக் கட்டணம் கூட என்பதால், சிறு பட்டினத்தில் இருக்கும் மச்சானின் முகவரியைக் கொடுக்கச் சொல்லிப் பலர் புத்தி சொல்வார்கள். அது மோசடி, விபத்து நடந்த அன்று கம்பனி கைவிரிக்கலாம். மாலையில் உணவுப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குச் சொந்தக் காரை எடுப்பவரும், தமது காப்புறுதி அதற்குச் செல்லுமா என்று முதலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.