தைரியம் இருந்தால் குதிரை தாண்டிவிடுமா?

“மனசுல தைரியம் இருந்தா போதும், குதிரை தானா தாண்டிடும்.” குதிரையேற்றப் பயிற்சிக் களங்களில் இந்த அறிவுரை காதில் விழாத நாள் குறைவு. சொல்கிறவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்கிறவர்தான் பாவம். தைரியத்தை எங்கே போய் வாங்குவது என்று தெரியாமல், கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாத குறையாக, தடையாகக் கிடக்கும் மரக்கட்டையை நோக்கிப் போகிறார்.

ஈவென்டிங் என்ற மூன்று கூறுள்ள குதிரையேற்றப் போட்டியின் நடுக்கூறு கிராஸ் கன்ட்ரி. டிரஸ்ஸாஜில் குதிரையின் நடையும் பணிவும் பார்க்கப்படும். ஷோ ஜம்பிங்கில் கால் பட்டால் கம்பம் விழும், அவ்வளவுதான். கிராஸ் கன்ட்ரி திறந்த வெளியில் நடப்பது. மரக்கட்டை, பள்ளம், தண்ணீர், மேடு, சரிவு எல்லாம் வரும். தடைகளில் பெரும்பாலானவை அசையாது. ராணுவக் குதிரைகளின் தகுதியைச் சோதிக்கப் பிறந்த விளையாட்டு இது. 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. ஒலிம்பிக்கில் ஒரு பெண் இதில் இறங்க 1964 வரை ஆனது. அதனாலோ என்னவோ, இந்த விளையாட்டைச் சுற்றிய அறிவுரைகளில் இன்னமும் பாசறை வாடை அடிக்கிறது. தலைமுறை தலைமுறையாக வருபவை என்பதால் யாரும் அவற்றை நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை.

“பயந்தவன் கையில் குதிரை தாண்டாது”

இதில் பாதி உண்மை. பயம் குதிரைக்குத் தொற்றிக்கொள்கிறது. சுவீடனில் லிண்டா கீலிங் என்ற ஆய்வாளரின் குழு 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. குதிரையைக் கையில் பிடித்தும் மேலே ஏறியும் ஒரே பாதையில் நான்கு முறை போய்வரச் சொன்னார்கள். நான்காவது முறைக்கு முன்னால், குதிரை கடக்கும்போது குடை ஒன்று விரிக்கப்படும் என்று மனிதர்களிடம் மட்டும் சொல்லி வைத்தார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத்துடிப்பு ஏறியது. கூடவே குதிரையின் துடிப்பும் ஏறியது.

இதை வைத்துக்கொண்டு, பயத்தை விரட்டிவிட்டுத்தான் குதிரையில் ஏற வேண்டும் என்று முடிவு கட்டுவதில்தான் கோளாறு. மனத்தில் இருப்பதைக் குதிரை நேரடியாகப் படிப்பதில்லை. நம் உடம்பு என்ன செய்கிறது என்பதைத்தான் அது உணர்கிறது. உடம்பைப் பழக்க முடியும்.

முழங்கால் உயரமுள்ள ஒரு மரக்கட்டையை நோக்கி ஒருவர் கான்டரில் (மிதமான பாய்ச்சலில்) வருவதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பத்து ஸ்ட்ரைட் (பாய்ச்சல் அடி) தூரத்தில் எல்லாம் ஒழுங்கு. ஆறு ஸ்ட்ரைட் இருக்கும்போது கண் மரக்கட்டையின் அடிப்பாகத்துக்கு இறங்குகிறது. கண்ணோடு தலையும், தலையோடு தோளும் முன்னே சரிகின்றன. எடை முழுக்கக் குதிரையின் முன்னங்கால்கள் மேல் போய் உட்காருகிறது. குதிகால் மேலே ஏறுகிறது, முழங்கால் சேணத்தைக் கவ்வுகிறது. கை பின்னுக்கு இழுக்க, கால் முன்னுக்கு நெருக்குகிறது. வேகத்தடையைக் கண்டதும் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கும் ஓட்டுநரைப் போன்ற நிலைமை. எந்த உத்தரவைக் கேட்பது என்று புரியாமல் குதிரை நின்றுவிடுகிறது, அல்லது பக்கவாட்டில் நழுவுகிறது. வேலியோரம் நிற்பவர், “பயந்துட்டாரு, அதான்” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

திருத்த வேண்டியது கண்ணிலிருந்து தொடங்குகிறது. தடைக்கு அப்பால் தூரத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அதையே பார்த்துக்கொண்டு போக வேண்டும். குதிரையின் கழுத்தில் ஒரு பட்டை கட்டி அதில் விரலை மாட்டிக்கொண்டால் கை தானாகக் கடிவாளத்தை இழுக்காது. இதை வெட்கமாக நினைப்பவர்கள் உண்டு. மேல்நிலை வீரர்களிலும் பலர் குதிரைக்குக் கழுத்துப்பட்டை கட்டித்தான் இறங்குகிறார்கள். தடையை நெருங்கும்போது வாய்விட்டு எண்ணுவதும் நல்லது. எண்ண வேண்டுமென்றால் மூச்சு விட்டாக வேண்டும், பயந்தவர் முதலில் மறப்பதே அதைத்தான். பயம் அதுபாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

“வேகமாகப் போனால் எதையும் தாண்டிவிடும்”

இது ஆபத்தான நம்பிக்கை. நல்ல குதிரை வைத்திருப்பவர்களிடம்தான் இது அதிகம், ஏனென்றால் பலமுறை இது பலித்தும் விடுகிறது.

பிரிட்டனின் 90 சென்டிமீட்டர் நிலைப் போட்டியில் கிராஸ் கன்ட்ரிக்கு நிர்ணயித்த வேகம் நிமிடத்துக்கு 450 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர். பேட்மின்டன், பர்லி எனும் இடங்களில் நடப்பவை போன்ற ஐந்து நட்சத்திரப் போட்டிகளில் 570 மீட்டர். இவை முழுத் தூரத்துக்குமான சராசரி. ஒவ்வொரு தடையையும் அந்த வேகத்தில் தாண்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தடைக்கு ஏற்ப வேகம் மாறும். முன்பக்கம் சாய்வாக இருக்கும் அகலமான புதர்த்தடையை ஓட்டத்தோடு ஓட்டமாகத் தாண்டலாம். கம்பம், பள்ளம், மறுபடி கம்பம் என்று அடுத்தடுத்து வரும் காஃபின் வகைத் தடையில் அப்படிப் போனால் வம்பு. பள்ளம் கண்ணில் படுவதற்குள் குதிரை அதன் மேல் நிற்கும். அங்கே தேவை குட்டையான, துள்ளலான கான்டர். வேகம் குறையும், ஆனால் பின்னங்கால்களின் உந்தல் குறையக் கூடாது. வேகமும் உந்தலும் ஒன்றுதான் என்று நினைத்து ஓட்டுபவரின் குதிரை தடை நெருங்க நெருங்கத் தட்டையாக நீண்டு, முன்பக்கம் கனத்து, தொலைவிலிருந்தே எகிறப் பார்க்கும். அசையாத தடையில் முன்னங்கால் மாட்டினால் குதிரை குட்டிக்கரணம் அடித்து ஆள்மேல் விழலாம். இந்த விளையாட்டின் உயிர்ப்பலிகளில் பல இப்படி நேர்ந்தவை. 1999இல் பிரிட்டனில் மட்டும் ஒரே ஆண்டில் 5 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகே, பலமாக இடித்தால் கம்பம் கீழே இறங்கிவிடும் ‘பின்’ (pin) அமைப்புகள் தடைகளில் வரத் தொடங்கின.

புள்ளிக் கணக்கைப் பார்த்தாலும் அவசரத்தில் லாபமில்லை. ஒருமுறை குதிரை நின்றால் 20 தண்டனைப் புள்ளி. நேரம் கடந்தால் விநாடிக்கு 0.4. ஒரே ஒரு மறுப்புக்கு 50 விநாடி விலை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஃபவாத் மிர்சா, சென்யூர் மெடிகாட் குதிரையில் ஒரு தடையிலும் பிழையின்றி வந்தார். நேரத்துக்காக மட்டும் 11.20 புள்ளி போனது. 28 விநாடித் தாமதம். வழியில் ஒருமுறை குதிரை நின்றிருந்தால் போயிருக்கக் கூடியதைவிட இது குறைவு. கடைசி நாள் தனிநபர் இறுதிச் சுற்றுக்கும் போய் 23ஆம் இடத்தில் முடித்தார்.

நேரம் உண்மையில் எங்கே வீணாகிறது? தடைக்கு முன் பத்துப் பன்னிரண்டு ஸ்ட்ரைட் முழுக்க இழுத்துச் சண்டை போடுவதில். வேகத்தைக் குறைக்கும் வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டு, கடைசிச் சில ஸ்ட்ரைட்டில் குதிரையைத் தொந்தரவு செய்யாமல் விடுபவர் மெதுவாகப் போவதுபோலத் தெரியும், ஆனால் சீக்கிரம் வந்துவிடுவார். இதற்கு வீட்டுப்பாடம் எளிது. திறந்த வெளியில் 450 மீட்டர் அளந்து இரண்டு கொடி நட்டு, அதைச் சரியாக ஒரு நிமிடத்தில் கடக்கப் பழகுங்கள். கடிகாரத்தைப் பார்க்காமலே அந்த வேகம் உடம்பில் ஊறும்வரை. பிறகு வழியில் சின்னத் தடைகளை வைத்து, நண்பர் ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு குளம்படியைக் கேட்கச் சொல்லுங்கள். தடை எங்கே வருகிறது என்று சத்தத்தை வைத்தே அவர் சொல்லிவிட்டால், உங்கள் தாளம் தடையைக் கண்டதும் கலைகிறது என்று பொருள்.

“ஸ்ட்ரைட் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அது பிறவி வரம்”

எங்கிருந்து எகிற வேண்டும் என்பது சிலருக்குத் தூரத்திலேயே தெரிகிறது, உண்மைதான். தெரியாதவர் அந்த இடத்தைத் தேடி வேட்டையாடத் தொடங்கும்போதுதான் கெடுகிறது. ஒரு ஸ்ட்ரைட்டை நீட்டுவார், அடுத்ததைக் குறுக்குவார், கடைசியில் குதிரையைத் தடையின் காலடியில் கொண்டுபோய்த் தள்ளுவார். கான்டர் சீராகவும் உந்தலோடும் இருந்து, கோடும் நேராக இருந்தால், அரை ஸ்ட்ரைட் முன்பின் ஆனாலும் குதிரை சமாளித்துக்கொள்ளும். அது அதன் வேலை.

கண் பழகவும் வழி இருக்கிறது. தரையில் 18 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பம் போடுங்கள். இடையில் நான்கு ஸ்ட்ரைட்டில் போங்கள், அடுத்த முறை ஐந்தில், மறுபடி நான்கில். ஐந்தை எடுக்கும்போது கடிவாளத்தால் மட்டும் சுருக்கப் பார்த்தால் குதிரை டிராட்டுக்கு (துள்ளுநடைக்கு) இறங்கிவிடும். முதுகை நிமிர்த்தி, காலால் உந்தலைக் காப்பாற்றினால்தான் வரும். எகிறல் எதுவும் இல்லாததால் குதிரையின் கால்களுக்குச் சேதமில்லை, ஓட்டுபவருக்கும் பயமில்லை. அலுப்பான பயிற்சிதான். கிராஸ் கன்ட்ரியில் ‘நம்பகமானவர்’ என்று பெயர் எடுத்தவர்கள் இந்த அலுப்பைச் சகித்தவர்கள்.

“பெரியதைத் தாண்டிவிட்டால் சின்னது தூசு”

ஒருமுறை தாண்டியது திறமையாகாது, அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். குதிரைக்கு நினைவு கூர்மை. தட்டுத்தடுமாறித் தாண்டிய பெரிய தடையை அது வெற்றியாக வரவில் வைப்பதில்லை. போட்டியில் தாண்டப்போகும் உயரத்துக்கு ஒரு படி கீழே, ஆனால் விதவிதமாகத் தாண்டிப் பழகுவதே பயன் தரும். சின்னப் பள்ளம், சின்ன மேடு, கணுக்கால் அளவுத் தண்ணீர், குறுகிய முகமுள்ள தடை என்று.

சின்னதைத் தூசு என்று நினைப்பதும் சரியில்லை. சூப்பர்மேன் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995 மே மாதம் வர்ஜீனியாவின் கல்பெப்பரில் விழுந்தது பெரிய தடையில் அல்ல. கீழ்நிலைப் போட்டி, பாதையின் மூன்றாவது தடை, குதிரை சட்டென்று நின்றது. கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார்.

“நின்றால் ரெண்டு போடு”

சவுக்கை எடுப்பதற்கு முன் குதிரையின் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நியாயம். தலையின் இரு பக்கமும் கண் இருப்பதால் அதற்குக் கிட்டத்தட்ட நாற்புறமும் தெரியும். ஆனால் இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்த்துத் தூரம் கணிக்கக்கூடிய பகுதி முன்னால் ஒரு குறுகிய துண்டுதான், நெற்றிக்கு நேர் எதிரே கொஞ்சம் குருட்டுப் பகுதியும் உண்டு. தலையை ஏற்றி இறக்கித்தான் அது தடையை அளக்கிறது. கடிவாளத்தைக் கட்டிப்போட்டதுபோல் பிடித்தால் அந்த அளவெடுப்பே நடக்காது. வெயிலிலிருந்து மரநிழலுக்குள் நுழையும்போது அதன் கண் பழக நம்மைவிட நேரமாகும். சிவப்பும் பச்சையும் அதற்குப் பிரித்துத் தெரியாது. குதிரைப் பார்வை பற்றிய எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு, பிரிட்டனின் பந்தயக் களங்களில் தடைகளில் இருந்த ஆரஞ்சு நிறத்தை நீக்கி, வெள்ளையும் பளீர் மஞ்சளும் பூசும் மாற்றம் 2022இல் தொடங்கியது.

இளங்குதிரை முதன்முதலாகத் தண்ணீரைப் பார்க்கும் விதத்தைக் கவனித்தால் அதன் பார்வையின் எல்லை விளங்கும். விளிம்பில் நின்று தலையைத் தாழ்த்தும், மூக்கால் பெரிதாகச் சீறும், ஒரு முன்னங்காலை நீட்டித் தட்டிப் பார்க்கும். அடி எவ்வளவு ஆழம் என்று அதற்குத் தெரியாது. அந்த நேரத்தில் விழும் அடி, தண்ணீர் என்றால் வலி என்ற பாடத்தைத்தான் சொல்லிக்கொடுக்கும். அனுபவமுள்ள ஒரு குதிரையை முன்னால் இறங்க விட்டுப் பின்னாலேயே அனுப்புங்கள். முதுகைக் காட்டித் திரும்ப மட்டும் அனுமதிக்காதீர்கள். ஓரடி முன்வைத்தாலும் காலின் அழுத்தத்தை உடனே தளர்த்த வேண்டும். சில விநாடி தள்ளிக் கிடைக்கும் தளர்வு எதற்காக என்று குதிரைக்குப் புரியாது, அடியும் அப்படித்தான்.

தாண்டிக்கொண்டிருந்த குதிரை திடீரென மறுக்கத் தொடங்கினால், முதுகு, சேணத்தின் பொருத்தம், லாடம், பல், வயிற்றுப்புண் என்று மருத்துவரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

“விழுந்தால் தூசி தட்டிவிட்டு உடனே ஏறு”

இந்த நம்பிக்கைக்கு ஒரு வீரக்கதை உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் கொன்ராட் ஃபொன் வாங்கன்ஹைம் கிராஸ் கன்ட்ரியில் விழுந்து காறையெலும்பை உடைத்துக்கொண்டு, மறுபடி ஏறி முடித்தார். அடுத்த நாள் கையில் கட்டோடு ஷோ ஜம்பிங்கும் போனார். அணிக்குத் தங்கம். அதே போட்டியில் மூன்று குதிரைகள் செத்துப்போனதைக் கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இன்றைய சர்வதேச விதி வேறு. கிராஸ் கன்ட்ரியில் விழுந்தவர் அத்தோடு வெளியே. மருத்துவர் பார்க்காமல் போட்டிக் களத்தை விட்டுப் போகக்கூடாது. தலையில் அடிபட்டவருக்கு, தனக்கு ஒன்றுமில்லை என்றே தோன்றக்கூடும். பயிற்சிக் களத்திலும் இதே ஒழுங்கு வேண்டும். ஹெல்மெட் ஒருமுறை பலமாக மோதினால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். உடனே ஏறாவிட்டால் பயம் உறைந்துவிடும் என்பார்கள். மீள்வதற்கு அவகாசம் எடுத்துக்கொண்டால் ஒன்றும் குடிமுழுகாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் யூலியா கிராயெவ்ஸ்கி கிராஸ் கன்ட்ரியில் வெளியேற்றப்பட்டார். டோக்கியோவில் வேறொரு குதிரையில், ஈவென்டிங்கில் ஒலிம்பிக் தனிநபர் தங்கம் வென்ற முதல் பெண்ணானார். இடையில் ஐந்து வருடம்.

“சரியாக வரும்வரை விடாதே”

சரியாக வந்ததும் விட்டுவிடுவதுதான் நல்லது. இன்னும் ஒருமுறை என்பது பெரும்பாலும் நம் ஆசைக்காக, குதிரைக்காக அல்ல. களைத்த குதிரை காலைத் தூக்காது, தசைநாருக்கும் சேதம். நம் ஊர் வெயிலில், இறுகிக் கிடக்கும் மண்ணில் இது இரட்டிப்பு. விடிந்ததும் தொடங்குங்கள், ஒரு வகைத் தடையை இரண்டு மூன்று முறை நன்றாகத் தாண்டியதும் அடுத்ததற்குப் போங்கள், மூச்சு வாங்கினால் நிறுத்தி நடக்க விடுங்கள். மறுநாள் காலை லாயத்துக்குப் போய் நான்கு கால்களையும் தடவிப் பாருங்கள். சூடோ வீக்கமோ இருந்தால் அன்று பயிற்சி இல்லை.