மருந்துச் சீட்டும் உழவர் செலவும்

உழவர் வீட்டுக் கணக்கில் விதைக்கும் உரத்திற்கும் தனித்தனி இடமுண்டு, மருந்திற்கு இல்லை. நோய் வந்தபின் கைமாற்று வாங்கியோ, வந்த விலைக்கு நெல்லை விற்றோ அச்செலவு சரிக்கட்டப்படுகிறது. ஆகையால் மருந்துச் சீட்டின் செலவு எங்ஙனம் ஏறுகிறது என்பதைக் கடலூர், சிதம்பரம் வட்டங்களின் ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

ஒரு மருந்திற்குப் பெயர் இரண்டு: ஒன்று மூலப்பெயர், மற்றது கம்பெனி இடும் விற்பனைப் பெயர். சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்பார்மின், இரத்த அழுத்தத்திற்குத் தரும் அம்லோடிபின் ஆகியவை மூலப்பெயர்கள். அவையே கடையில் பல பெயர்களில், பல விலைகளில் கிடைக்கின்றன. இரண்டு நாள் காய்ச்சல் மாத்திரையில் இவ்வேறுபாடு பெரிதன்று. ஆயுள் முழுதும் உண்ண வேண்டிய மருந்தில் அது மாதந்தோறும் வரும் சுமை. சுமை தாளாதவர் நாள் விட்டு நாள் உண்கிறார். சிலர் அறவே நிறுத்திவிடுகின்றனர். பக்கவாதம் வந்து ஆள் வேலைக்குப் பயன்படாமற்போனால் அந்த நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதற்குத் தமிழகம் கண்ட நல்ல வழி 1994ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமாகும். அது இன்றியமையாத மருந்துகளைப் பட்டியலிட்டு, மூலப்பெயரிலேயே மொத்தமாக டெண்டர் மூலம் வாங்குகிறது. மாதிரிகள் கம்பெனிப் பெயர் மறைக்கப்பட்டுக் குறியீட்டெண்ணுடன் ஆய்வுக்கூடம் செல்லும். சோதிப்பவருக்கு அது எவருடைய சரக்கு எனத் தெரியாது. தேறியவையே கடலூர் முதலிய மாவட்டக் கிடங்குகளிலிருந்து வெளிவரும். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஆண்டிற்குரிய தொகை அதில் பதியப்பட்டு, மருந்து எடுக்க எடுக்கக் கழிக்கப்படும். இனாமாகக் கிடைப்பதால் சர்க்கார் மாத்திரைக்கு வீரியம் குறைவு என்று நம்மவர் எண்ணுவது, இம்முறையை அறியாததால் வந்த பேச்சே.

விலை மட்டுமன்று, எண்ணிக்கையும் செலவை ஏற்றும். ஒரு நோயாளிக்கு எத்தனை மருந்து, மூலப்பெயரில் எத்தனை, பட்டியலில் உள்ளவை எத்தனை, நுண்ணுயிர்க்கொல்லியும் ஊசியும் எத்தனை பேருக்கு என்று கணக்கிட்டுப் பார்க்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1993இல் வெளியிட்டது. இக்கணக்கில் குற்றம் முழுவதும் டாக்டரைச் சார்ந்ததன்று. ஊசி போடாதவர் கைராசியற்றவர் என்று அடுத்த டாக்டரை நாடுவோர் நாமே. சாதாரண ஜலதோஷத்திற்கு நுண்ணுயிர்க்கொல்லி பயன் தராது. நீர் தேங்கிய வயலில் உழைப்போருக்கு வரும் எலிக்காய்ச்சலுக்கோ டாக்சிசைக்ளின் போன்றது காலத்தில் கிடைத்தாக வேண்டும். எது எதற்கு என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும், "இம்மருந்து எதற்கு, எத்தனை நாள், இதே மருந்து மலிவாகக் கிடைக்குமா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை.

வெளியில் வாங்க நேர்ந்தால், 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலமெங்கும் தொடங்கப்பெற்ற முதல்வர் மருந்தகங்களையும், மக்கள் மருந்தகங்களையும் முதலில் விசாரிக்கலாம். இவை மூலப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலையில் விற்பவை.

ஊராட்சியின் பங்கு கிராம சுகாதாரக் குழுவில் தொடங்கும். சென்ற மூன்று மாதங்களில் சுகாதார நிலையத்தில் எந்த மருந்து எத்தனை நாள் இல்லாமற்போயிற்று, பாஸ்புக்கில் மீதி எவ்வளவு என்று மருத்துவ அலுவலரிடம் மரியாதையுடன் கேட்டுக் குறித்துக்கொள்க. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்துண்போர் ஊரில் எத்தனை பேர் என்ற கணக்கையும் உடன் கொண்டு செல்க. கிடங்கிலிருந்து எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்ய இவ்வெண் உதவும்.